ஆறரை

சிரிப்பு இருக்கிறது, கடைசியில். இப்போதே சொல்லிவிட்டால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் இருங்கள்.

போனில் நாங்கள் கூடிப் பேசுகிற குரல் அறைக்குப் பெயர் 'எடப்பாடி எகத்தாளம்'. ஷஹ்பாஸ் ஆரம்பித்தது. சாயந்திரமானால் எங்கள் வகுப்பில் பத்துப் பேராவது அதில் கூடிவிடுவோம். விளையாட்டெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எங்களுக்குப் பிடித்தது படம் வரைவது. ஒருவர் வரைய, மற்றவர்கள் அது என்னவென்று டைப் அடிக்க வேண்டும்.

நடுநடுவே என் கச்சேரி. டவுன் பஸ் கண்டக்டர், பி.டி. மாஸ்டர், சர்ச்சில் பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற உபதேசியார், யார் குரல் வேண்டுமானாலும் இந்த ஆன்சியிடம் கிடைக்கும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருத்தன் உள்ளே வந்தான். பெயர் 'ஆறரை'. மைக்கைத் திறக்கவே மாட்டான். எல்லாம் டைப்தான்.

"டாண்ணு ஆறரை மணிக்கு வாரான். அதான் ஆறரை," என்றாள் நிகத்.

"யாரு இவனை உள்ளே விட்டது?" என்றான் ஷஹ்பாஸ்.

அறையின் லிங்க்கை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டது நான்தான். எவன் கண்ணில் பட்டதோ!

ஒருநாள் நான் வரைந்தது வீடு. கூரை, கதவு, ஜன்னல். குருடனுக்கும் தெரியும்.

ஆறரை டைப் அடித்தான்: 'ஊடு'.

தப்பு என்றது விளையாட்டு.

'ஊடு'. தப்பு. 'ஊடு'. தப்பு. நேரம் முடிகிற வரைக்கும் ஊடேதான்.

"பேசறப்ப ஊடுன்னு சொல்லுவோம். எழுதறப்ப எவன்டா எழுதுவான்? இது ஏதோ பெருசு," என்றான் ஷஹ்பாஸ்.

அடுத்து அவன் வரைய வேண்டிய முறை. மேலிருந்து கீழே ஒரே ஒரு கோடு போட்டான். அவ்வளவுதான், நிறுத்திவிட்டான்.

கயிறு, பாம்பு, கொடிக்கம்பம் என்று ஆளாளுக்கு அடித்துப் பார்த்தோம். கடைசியில் விடை வந்தது: கிணறு.

"கிணறாம்! வட்டமாவது போட வேண்டாமா?" என்றாள் நிகத். "நம்மூரு ஆளே இல்லடி இவன்."

"எந்த வகுப்புன்னு கேளு," என்றான் ஷஹ்பாஸ். கேட்டேன்.

'எட்டு வரைக்குமுங்க.'

"எட்டாவதா, எட்டு வரைக்குமா?"

பதில் வரவில்லை. நான் உடனே எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலை எடுத்தேன். "யாருப்பா அது, கேட்டா பதில் சொல்ல மாட்டியா?"

'மன்னிச்சிருங்க டீச்சர்.'

நம்பிவிட்டான்! மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் நிகத் ஒன்றைக் கவனித்திருந்தாள். மற்றவர்கள் வரைந்தால் ஆறரை சும்மா இருப்பான். நான் வரைந்தால் மட்டும் டைப் அடிப்பான். நான் குரல் மாற்றிப் பேசினால் சிரிக்கிற பொம்மை வரிசையாக வரும்.

"இவன் உனக்காகத்தான் வாரான் ஆன்சி. ஆளு சரியில்ல. தூக்கிருவோம்," என்றாள்.

"தூக்கலாம். அதுக்கு முன்னாடி ஆளு யாருன்னு கண்டுபிடிச்சுத் தாரேன்."

நேற்று ஆறரைக்கு ஆறரை வந்தான். அதுவரை யாருக்கும் காட்டாத சரக்கை எடுத்தேன். எங்கப்பா போன்.

எங்கப்பா சவரியார், போர்வெல் லாரியில் டிரில்லர். சத்தீஸ்கர் பக்கம் போய் ஒன்பது மாதம் ஆகிறது. அவர் போன் செய்தால் பின்னால் கம்ப்ரெசர் அலறும், அதையும் மீறி அவர் அலறுவார்.

கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "தடதடதடதட... புஸ்ஸ்ஸ்! சாமீ! சாப்ட்டாச்சா சாமி? என்ன கொளம்பு? நல்லாப் படிக்கிறியா? அங்க மழையா?"

பிறகு என் குரல், கொட்டாவி விட்டபடி: "ம்... சரி... அம்மாகிட்ட தாரேன்."

அறையே உருண்டது. இத்தனைக்கும் கொட்டாவியைத் தவிர நான் எதையும் சேர்க்கவில்லை. எங்கள் பேச்சே அவ்வளவுதான்.

ஆறரையிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு பொம்மை வந்தது. அதுவும் சிரிக்கிற பொம்மைதான்.

"யோவ் ஆறரை!" என்றேன். "யாருய்யா நீ? மைக்கைத் தொற. இல்லாட்டி வெளிய."

'மைக்கு ரிப்பேருங்க.'

"பொய்யி," என்றான் ஷஹ்பாஸ். "தூக்கறேன்."

'வேண்டாங்க. ஓரமா இருந்துக்கறனுங்க. கேட்டுட்டுப் போயிர்றன்.'

"எதைக் கேட்டுட்டு?" என்றாள் நிகத். "பாத்தியாடி, நான் சொல்லல?"

விடக்கூடாது. பி.டி. மாஸ்டர் குரலில் அதட்டினேன். "மூணு எண்ணுவேன்! ஒண்ணு... ரெண்டு..."

ஆறரையின் மைக் திறந்தது.

தடதடதடதட... புஸ்ஸ்ஸ்.

ஆறரை மணி இல்லை. ஆறரை இஞ்சு. அப்பா பூமியில் போடுகிற துளையின் அகலம். கிணறு என்றால் அவருக்கு மேலிருந்து கீழே ஒரே கோடுதான்.

ஷஹ்பாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ ஆன்சி, முன்ன பண்ணுனதை விட இதுதான் அச்சு அசல்!"

"போதும் நிறுத்துடி," என்றாள் நிகத், அவளும் சிரித்துக்கொண்டே. "அந்தாளு பேசட்டும்."

நான் வாயைத் திறக்கவே இல்லை.