பிளைவுட் கதவுக்குப் பின்னால்

புதுத் தொடரில் காபி போடுவது கணவன். மனைவி சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். கணவனாக நடிப்பவர் தாமோதரன். ஏதோ ஒரு பழைய நகைச்சுவைத் தொடரின் சமையலறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்து அரங்கில் நிறுத்தியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் சமையலறை இல்லை. பிளைவுட்டின் முதுகும் அரையிருட்டும்தான். காலித் தம்ளர்கள் வைத்த தட்டோடு அங்கே போய் நின்றபோதுதான், நெற்றி உயரத்தில் பலகையெங்கும் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பழைய தொடரின் மனைவி இங்கே நின்றுதான் ஒவ்வொரு முறையும் தன் காட்சிக்குக் காத்திருந்திருப்பாள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பசை இன்னும் காயவில்லை.

"குடுங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? போய் உக்காருங்க," என்றது ஒரு பெண்குரல், தோளுக்குப் பக்கத்தில்.

வீட்டுப் பழக்கத்தில் தட்டை நீட்டிவிட்டார். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றார். தாமோதரன் வெறுங்கையோடு வந்து, மனைவியின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். அடுப்பே இல்லாத அந்த அரங்கில் சூடான காபியின் மணம் பரவியது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"காபி எங்கங்க?" வசனத்தில் இல்லாததைக் கேட்டாள் மனைவி. அவள் பார்வை கதவின்மேல் இருந்தது.

"வரும்," என்றார், திரும்பிப் பார்க்காமலே.