மதகில் நின்ற பதில்

பெரிய ஏரிக்கும் சின்னக் குட்டைக்கும் இடையே வாய்க்கால் வெட்டி, இனி எல்லாம் ஒரே தண்ணீர் என்றார்கள் ஏரிக்காரர்கள். குட்டைத் தவளை செம்பிக்கு, ஏரியில் வாழ்ந்த தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அக்கா, தாழம்புதரடியில முட்டையிடட்டுமா?”

செம்பிக்குப் பகீரென்றது. அங்கே தண்ணீர்ப்பாம்பு உண்டு. “வேண்டாம்டி” என்று கத்தினாள். வாய்க்காலின் ஏரிப்பக்க மதகைக் காத்த நண்டு அந்தக் குரலை உள்ளே விடவில்லை.

“வெளிக்குரல் வேண்டுமென்று உன் தங்கை முதலில் கேட்டிருக்க வேண்டும்.”

“அப்படிக் கேட்கணும்னு அவளுக்குத் தெரியாதே.”

“நீ சொல்லலாமே.”

“எப்படிப்பா சொல்வேன்? என் குரலைத்தான் நீ விடமாட்டேங்கிறியே.”

“அப்படியானால் ஏரிக்கே குடிவந்துவிடு. பெயரைப் பதிந்தால் இரண்டு நாளில் பேசலாம்.”

செம்பி தலையில் அடித்துக்கொண்டாள். மதகுக்கு அப்பாலிருந்து தங்கையின் குரல் செல்லமாக வந்தது: “நீ மறுத்து ஒண்ணும் சொல்லலையேக்கா, சரின்னு எடுத்துக்கிட்டேன். முட்டையிட்டாச்சு.”