கறிவேப்பிலைக்கு என்ன விலை?

சூசையம்மாளின் காய்கறிக் கடைக்குப் புதிதாக வந்த பில் மெஷினுக்கு ஒரே கவலை. மூன்று நாள் வைத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்று மூன்றாம் நாள். பைக்குள் விழும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து விலை கேட்கும்படி அதைச் செய்திருந்தார்கள்.

அம்மாள் ஒரு கிலோ தக்காளியைப் பையில் கொட்டி, மேலே ஒரு கொத்து கறிவேப்பிலையைச் செருகினாள்.

"கறிவேப்பிலை: விலை?" என்று மெஷின் சிவப்பாகக் கேட்டது. பில் வரவில்லை. நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மாளின் ஈர விரல் எதை அழுத்துவதென்று தெரியாமல் தவித்தது.

"தராசண்ணே, எத்தனை கிராம்னாவது சொல்லுங்க. ஏதோ ஒரு விலையைப் போட்டுத் தப்பிச்சுக்கிறேன்" என்று மெஷின் பக்கத்திலிருந்த தராசிடம் கெஞ்சியது.

"அது கொசுறு தம்பி. என் தட்டுல ஏறினதே இல்ல. அவங்க கையிலிருந்து நேரா பைக்குப் போயிடும். நீ எதுக்கு அதைப் பார்க்குற?"

"பார்க்காம இருக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையே, அண்ணே!"

சாயங்காலம் கம்பெனிக்காரர் வந்தார். அம்மாள் மெஷினைப் பெட்டியில் வைத்தாள். வந்த மனுஷனைச் சும்மா அனுப்ப மனம் வராமல், "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று ஒரு கொத்து கறிவேப்பிலையையும் உள்ளே செருகி மூடினாள்.

பெட்டியின் இருட்டில், அந்த வாசனைக்கு நடுவே, மெஷின் சிவப்பாகக் கேட்டுக்கொண்டே போனது: "விலை?"