மாடியில் ஒரு நிழல்

தினமும் காலை பத்து மணிக்கு அரசின் ஆளில்லா விமானம் சங்கரன்கோவிலைப் படம் எடுக்கும். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதில் மனிதர்கள் இருக்கக் கூடாது. வெளியிடும் முன் அவர்களை அழிப்பதுதான் சென்னையில் என் வேலை.

அந்த நேரத்தில் அப்பா எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்துக் கையசைப்பார். மதியம் போன் செய்வார்.

"ஏட்டி மங்கை, இன்னைக்கு என்னப் பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. தோள்ல பச்சைத் துண்டு."

"கனடாவுல ஒங்க அக்கா மட்டும் மாடி காலியா கெடக்குங்கா. அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

உண்மையைச் சொன்னால் அவர் மாடி ஏற மாட்டார். பிறகு நானும் அவரைப் பார்க்க முடியாது.

மறுநாளும் படத்தில் அப்பாவை அழித்தேன். நிழலை மட்டும் விட்டுவிட்டேன்.

மாலையில் அக்கா போனில் அழுதாள். "அப்பா நெழலு கையத் தூக்கிட்டு நிக்குட்டி."

ஆளில்லாத மாடியில் நிழல் விழுவதாக யாரோ புகார் எழுதினார்கள். நிழலும் போனது. எனக்கு வேறு மாவட்டத்தின் படங்களைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோரையும் போல நானும் வெளியான படத்தைத்தான் பார்க்கிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கிறது.

"இன்னைக்குப் பாத்தியாட்டி?"

"பாத்தேன்ப்பா."

"என்ன துண்டு?"

"பச்சை."

அப்பா துண்டை உதறும் சத்தம் போனில் கேட்டது.

"ஆமா, பச்சைதான்" என்றார்.