ஐந்தாவது கொய்யா

அவள் முதல் பெட்டியைப் பிடுங்கினாள்.

கொய்யா மரத்தடியில் இரண்டு வருடமாகப் புதைந்து கிடந்த பெட்டி. லேசில் வரவில்லை.

யூரியா போட்ட மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வாயு கிளம்புகிறது. மேலே போய்ப் பூமியைச் சூடாக்குகிற வாயு. பழத்தோட்டத்தில் அது எவ்வளவு கிளம்புகிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பெட்டியில் சேரும் காற்றை ஊசியில் உறிஞ்சி எடுத்துப் போவாள். வெயிலோ மழையோ, ஒரு வாரம் தவறியதில்லை. இன்னும் ஒரு வருடம் பாக்கி.

இந்த வரிசையில் ஐந்து மரங்கள். இவற்றுக்கு மட்டும் யூரியாவே கூடாது. போட்டதையும் போடாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே ஆராய்ச்சி!

போன மாதம், போடாத மரத்தடியிலும் வாயு எகிறிவிட்டது.

பேராசிரியர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். உனக்கு அளக்கத் தெரியவில்லை, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்து சேர்.

இரண்டு வருடம். போச்சு.

அவர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தன் கையைத் தன்னாலேயே நம்ப முடியவில்லையே, அதுதான் தாங்கவில்லை.

இரண்டாவது பெட்டியில் கை வைத்தபோது தோட்டக்காரம்மா செல்லாத்தாள் ஓடி வந்தாள்.

"எதுக்கு அம்மிணி பிடுங்கறே?"

சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செல்லாத்தாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தான் கண்ணு. போன மாசம் இந்த மரங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கை யூரியா வச்சுட்டேன். மத்த மரமெல்லாம் வயிறாரத் தின்னுதுக, இதுக மட்டும் பட்டினியா நிக்குதுக. மனசு கேக்கலை."

முதலில் கோபம்தான் வந்தது. பாவி மனுஷி! மரத்துக்குப் போய் இரக்கப்பட்டு என் குடியைக் கெடுத்தாயே!

திட்ட வாயைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"அஞ்சு மரத்துக்குமா?"

"நாலுக்குத்தான். கூடை காலியாயிருச்சு. இதா, இந்தக் கடைசி மரத்துக்கு இல்லாமப் போச்சு."

அவள் நோட்டைப் பிரித்தாள். போன மாதக் கணக்கில் விரலை ஓட்டினாள்.

நான்கு பெட்டிகளில் வாயு எகிறியிருந்தது. ஐந்தாவதில் எப்போதும்போலத்தான். பெட்டியைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று அந்த ஒரு எண்ணை அவளே அடித்து வைத்திருந்தாள்.

பெட்டி சரி. ஊசி சரி. கையும் சரி.

யாருக்கும் தெரியாமல் வைத்த இரண்டு கை யூரியாவை அல்லவா அவள் கண்டுபிடித்திருக்கிறாள்!

செல்லாத்தாளைக் கட்டிக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்கம்மா. சொல்லாம இருந்திருந்தா, இந்த வேலையே வேண்டாம்னு ஊருக்குப் போயிருப்பேன்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்திருந்த செல்லாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப இது ஒண்ணு பட்டினி கிடந்ததாலதான் நீ தப்பிச்சியா?"

அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினாள்.

செல்லாத்தாள் எழுந்தாள். கடைசி மரத்திடம் போய், தழைந்திருந்த கிளையைத் தடவிக்கொடுத்தாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னும் ஒரு வருசம் பொறுத்துக்க சாமி."