கடைசி வாசல்

“எல்லார் வாசலுக்கும் மணல் மூட்டை போட்டுட்டு, மீதி இருந்தா நமக்குன்னு நெனச்சேன். நகராட்சிக்காரன் தன் வீட்டைத்தான் முதல்ல பார்த்துக்கிட்டான்னு நாலு பேர் சொல்லக் கூடாதுல்ல?”

“சரிங்க. மீதி இருந்துச்சா?”

“தண்ணிதான் இருந்துச்சு.”

போன வெள்ளம் வடிந்த அன்று, ஊறிப்போன மெத்தையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கும்போது அவள் கணவன் சொன்னது. சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இப்போது மறுபடியும் ஆறு ஏறுகிறது. சாம்பல் வெளிச்சத்தில் மூட்டை லாரி தெருவின் நடுவே நிற்கிறது. மழைக்கோட்டு முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, அவன் மூட்டைகளைத் தோளில் சுமந்து வாசல் வாசலாக அடுக்குகிறான். மூன்று மாடி வைத்திருக்கும் பல் டாக்டருக்கு ஒன்பது மூட்டை. “தம்பி, இன்னும் ரெண்டு போட்டா நிம்மதியா இருக்கும்,” என்கிறார் அவர், குடைக்குள்ளிருந்து. அவனும் தலையாட்டுகிறான். தெருவிலேயே பள்ளமான வீடு இவர்களுடையது. கதவில் முழங்கால் உயரத்தில் மூன்று வெள்ளங்களின் சேற்றுக்கோடுகள். எத்தனை தேய்த்தும் போகவில்லை. சாக்கடை மூடியின் ஓரத்தில் தண்ணீர் குமிழியிடத் தொடங்கிவிட்டது. லாரியில் பன்னிரண்டு மூட்டைதான் மிச்சம்.

“இதைக் கொஞ்சம் பிடிம்மா.” வெள்ள அறிவிப்புக்கு நகராட்சி கொடுத்த, ஒலிபெருக்கி வைத்த கை மைக்கை, லாரியருகே நிற்கும் அவளிடம் திணித்துவிட்டு, டாக்டரின் அடுத்த மூட்டைக்குக் குனிகிறான். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. அணைக்க அவளுக்குத் தெரியும். அணைக்கவில்லை.

“என்னங்க,” என்கிறது தெரு முழுவதும் அவள் குரல். “இந்தத் தடவை நம்ம வாசலுக்கு முதல்ல போடுங்க.”