உப்பில் நனைந்த திரி

மேலகரத்துப் பள்ளியின் வேதியியல் கூடத்துச் சன்னலில் குற்றாலத்துச் சாரல் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கிறது. இன்றைக்குள் ஒரு சோதனையாவது நடந்தால்தான் கூடம் தப்பும் என்பது தலைமையாசிரியரின் கெடு. அதற்குள் யாருக்கோ அவசரம், கதவில் சுண்ணக்கட்டியால் ‘ஸ்டோர் ரூம்’ என்று எழுதிவிட்டார்கள். புது ஆசிரியை ஷஹானாவின் முன்னால் இரண்டு கண்ணாடி முகவைகள். ஒன்றில் நீலக் கரைசலில் செம்புத் தகடு, மற்றதில் நிறமில்லாத கரைசலில் துத்தநாகத் தகடு. இரண்டையும் இணைக்கும் உப்புப் பாலக் குழாய் உடைந்துவிட்டதால், உதவியாளர் சொக்கம்மாள் கொடுத்த விளக்குத் திரி குறுக்கே கிடக்கிறது. தகடுகளோடு கம்பியால் இணைத்த வோல்ட்மீட்டரின் முள் அசையவே இல்லை. “ஐயோ டீச்சர், அது கோயிலுக்குன்னு எண்ணெயில ஊறப்போட்ட திரில்லா!” என்று சொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். “அதான். எண்ணெய்ல கரண்ட் போகாதுக்கா. காஞ்ச திரி இருந்தா தாங்க.” பையிலிருந்து வந்த புதுத் திரி உப்புநீரில் முங்கி எழுந்து இரு முகவைகளிலும் கால் வைக்கிறது. முள் நடுங்குகிறது, ஏறுகிறது, ஒரு வோல்ட்டைத் தாண்டி ஒரு கோட்டில் நிற்கிறது. சொக்கம்மாள் குனிந்து மேசைக்கு அடியில் தேடுகிறாள். “பேட்டரிய எங்கன வச்சிருக்கிய?” “இதுதாங்க்கா பேட்டரி. துத்தநாகம் தானா எலக்ட்ரானக் கொடுக்குது, செம்பு வாங்கிக்கிடுது. யாரும் தள்ள வேண்டாம்.” முள் இறங்கிவிடுமோ என்று சொக்கம்மாள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இறங்கவில்லை. கதவருகே போய், சாரலில் நனைந்த முந்தானை நுனியால் அந்தச் சுண்ணக்கட்டி எழுத்தை அழுத்தித் துடைக்கிறாள்.